பருவமழைக்கு முன் கெண்டைக் குளத்தைச் சீர்செய்ய ஆலோசனை தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். சென்னைக்குத் தெற்கே, மழைநீரை மட்டுமே நம்பியுள்ள இயற்கையான குளம் ஒன்றை, தூண்டில் மீன்பிடிப்புக்காக நண்பர்கள் சிலர் சேர்ந்து பராமரித்து வருகிறோம். கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டை வகைகளுடன் சாதாக் கெண்டையும் அதில் உண்டு. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் வேலைகளை முடித்தால்தான், மழை ஓய்ந்தபின் தூண்டில் போட வசதியாக இருக்கும்.

கரையோரம் ஆகாயத்தாமரையும், ஆழம் குறைந்த பகுதியில் நீருக்கடியில் வளரும் களையான வேலம்பாசியும் அடர்ந்துவிட்டன. செடிகள் ஒரேயடியாக மடிந்து அழுகும்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறைந்துவிடும் என்பதாலும், இப்போதே விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பதாலும், களைக்கொல்லி தெளிக்க எனக்குச் சிறிதும் விருப்பமில்லை. ஆகாயத்தாமரையை ஆள் வைத்து அள்ளிவிடலாம். வேலம்பாசிக்கு, நீர்ச்செடிகளைத் தின்னும் புல்கெண்டை மீனை விடலாம் என்கிறார்கள்; ஆனால், சாதாக் கெண்டை முட்டையிடவும் குஞ்சுகள் ஒளியவும் தேவையான செடிகளையும் அது விட்டுவைக்காது என்று அஞ்சுகிறேன். பரப்புக்கு எத்தனை விட்டால் அளவாக இருக்கும்? (ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சு தருவதாக ஒருவர் வந்தார்; தடைசெய்யப்பட்ட மீன் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டோம்.)

அடுத்தது கலங்கல், அதாவது குளம் நிரம்பியதும் உபரிநீர் வெளியேறும் இடம். நீர் வழியும்போது மீன்கள் வெளியேறாமலிருக்க வலை கட்ட வேண்டும். சிறு கண்ணி வலையில் குப்பை அடைத்துக்கொண்டால் நீர்மட்டம் உயர்ந்து கரையே உடையக்கூடும். இத்தகைய இடத்தில் வலையோ கம்பித் தடுப்போ அமைத்து அனுபவமுள்ளவர்கள், கண்ணியின் அளவையும் அமைத்த விதத்தையும் படத்துடன் தெரிவித்தால் பெரிதும் உதவியாக இருக்கும்.