அம்பாசடர் மார்க் 4: பின் பட்டை மாட்டிய பிறகு ஒரு பக்கம் தூக்கி நிற்கிறது, 'டொக்' சத்தமும் வருகிறது

வெள்ளை அம்பாசடர்:
வணக்கம். வண்டி 1986 மாடல் மார்க் 4, பெட்ரோல், 1489 சிசி. பின் சீட்டில் மூன்று பேர் ஏறினாலே டயர் மட்கார்டில் உரசும் அளவுக்குப் பட்டை (பின் அச்சைத் தாங்கும் லீஃப் ஸ்பிரிங் அடுக்கு) படுத்துவிட்டது. இரண்டு பக்கமும் கழற்றி, லாரி வேலை பார்க்கும் ஒரு பட்டறையில் கொடுத்து வளைவு ஏற்றி வாங்கினேன். இடப்பக்கம் இரண்டாவது பட்டையில் விரிசல் இருந்ததால் அதை மட்டும் மாற்றினார்கள். சென்டர் போல்ட் (பட்டைகளை நடுவில் கோர்ப்பது), யு போல்ட் (பட்டையை அச்சோடு இறுக்கிப் பிடிப்பது), பட்டை முனைகளில் வரும் ரப்பர் புஷ் எல்லாம் புதியவை என்றார்கள். மாட்டிக் கொடுத்தவர் வீட்டுக்கு வந்து வேலை செய்யும் மெக்கானிக்.

இப்போது இடப்பக்கம் வலப்பக்கத்தைவிடத் தூக்கலாக நிற்கிறது. கிளட்சை விட்டு நகரும்போதும், ரிவர்ஸ் எடுக்கும்போதும் பின்னால் 'டொக்' என்று ஒரு அடி. நேர் ரோட்டில் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் இடப்பக்கம் பிடித்தால்தான் வண்டி நேராகப் போகிறது. பட்டையை வேலை செய்வதற்கு முன் இதெல்லாம் கிடையாது. என்ன பார்க்கலாம்?

பழைய டாக்ஸி:
வளைவு ஒரு பக்கம் கூடிப்போயிருக்கும். இடப்பக்கத்தில் சின்னப் பட்டை ஒன்றை உருவிவிடச் சொல்லுங்கள், சரியாகிவிடும். சத்தம், கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் ஷாஃப்டின் யுனிவர்சல் ஜாயின்ட்டாக இருக்கலாம்.

லாரிப் பட்டறை:
அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள், பட்டையை உருவுவது கடைசி வேலை. உருவினால் உயரம் குறையும், ஆனால் மிச்சப் பட்டைகள் அந்தச் சுமையைத் தாங்கி சீக்கிரம் முறியும். ஜாயின்ட் தேய்ந்தாலும் சத்தம் வரும், உண்மைதான். ஆனால் ஜாயின்ட்டுக்காக வண்டி ஒரு பக்கம் இழுக்காது.

சார், மூன்று தொல்லையும் பட்டையைக் கழற்றி மாட்டிய பிறகு வந்ததால், மாட்டியதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சமதரையில் நிறுத்தி டேப்பால் அளந்து சொல்லுங்கள். முதலில், பின் சக்கரத்தின் நடுவிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை. தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று ஏமாற்றிவிடும். அடுத்து, முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரை, இரண்டு பக்கமும், ஸ்டியரிங் நேராக இருக்கும்போது. இந்த வண்டிக்கு அது 2464 மி.மீ.; ஆனால் அந்த எண்ணைவிட இரண்டு பக்கமும் ஒன்றுபோல வருகிறதா என்பதுதான் முக்கியம்.

இன்னொன்று: பட்டையின் முன்முனை போல்ட்டையும் பின் ஷாக்கிளையும் (பின்முனையைப் பாடியோடு சேர்க்கும் ஆடும் இணைப்பு) முறுக்கியபோது வண்டி சக்கரத்தில் நின்றதா, ஜாக்கியில் தொங்கியதா?

வெள்ளை அம்பாசடர்:
அளந்தேன். உயரம் இடப்பக்கம் 18 மி.மீ. கூடுதல். சக்கர இடைவெளி இடப்பக்கம் 9 மி.மீ. கூடுதல், அதாவது இடது பின் சக்கரம் பின்னால் தள்ளியிருக்கிறது. முறுக்கியதைப் பற்றி மெக்கானிக்கைக் கேட்டேன். இடப்பக்கம் ஜாக்கியில் இருக்கும்போதே முறுக்கிவிட்டாராம், வலப்பக்கம் வண்டியை இறக்கிய பிறகு.

லாரிப் பட்டறை:
அப்படியென்றால் இரண்டு தனித்தனிக் கோளாறுகள்.

உயரத்துக்குக் காரணம் ரப்பர் புஷ். புஷ்ஷின் உள்குழாய் போல்ட்டோடு இறுகிவிடும், வெளிப்பக்கம் பட்டையின் முனையில் இறுகியிருக்கும். நடுவில் இருக்கும் ரப்பர்தான் முறுகிக் கொடுக்கும். ஆக்சில் கீழே தொங்கும் நிலையில் முறுக்கினால் அதுவே ரப்பருக்கு ஓய்வு நிலை ஆகிவிடுகிறது. வண்டியை இறக்கியதும் அது எந்நேரமும் முறுகியே நிற்கும், பட்டையைப் பழைய இடத்துக்கே தள்ளப் பார்க்கும். வண்டி தூக்கி நிற்கும், புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். சக்கரத்தில் நிற்கும்போது நட்டுகளை லூஸ் செய்து, பின்பக்கத்தை நாலு தடவை நன்றாக அமுக்கிவிட்டு, அப்படியே இறுக்குங்கள்.

9 மி.மீ. விலகல் வேறு கதை. ஆக்சில் ஹவுசிங்கை (பின் அச்சின் கூடு) பட்டையில் சரியான இடத்தில் பிடித்து வைப்பது சென்டர் போல்ட்டின் தலை. அது ஹவுசிங் சீட்டில், அதாவது பட்டை வந்து உட்காரும் தளத்தில், உள்ள குழியில் இறங்கி உட்கார வேண்டும். யு போல்ட் இறுக்கிப் பிடிக்கிறது, அவ்வளவுதான். இடம் காட்டுவது அந்தத் தலை. இதற்கென்று வரும் போல்ட்டுக்குத் தலை உருண்டையாக இருக்கும். கையில் அது இல்லையென்றால் சில பட்டறைகளில் சாதாரண ஆறுபட்டை போல்ட்டைப் போட்டுவிடுவார்கள். அந்தத் தலை குழியில் இறங்காது, சீட்டு அதன் மேலேயே ஏறி நிற்கும். ஓட ஓட யு போல்ட் தளரும், ஆக்சில் முன்னும் பின்னும் நகரும். உங்கள் 'டொக்' அதுதான் என்று நினைக்கிறேன். அந்த யு போல்ட்டோடு நீண்ட பயணம் வேண்டாம்.

திறக்கும்போது கவனம்: ஸ்டாண்டை பாடியின் கெட்டியான இடத்தில், பட்டையின் முன் பிராக்கெட்டுக்குச் சற்று முன்னால் வையுங்கள். அம்பாசடருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, அதனால் துரு அரித்த தகட்டில் வைத்துவிடாதீர்கள். ஜாக்கி ஹவுசிங்குக்குக் கீழே இருக்கட்டும். ஷாக் அப்சார்பரைக் கழற்றிய பிறகு ஆக்சிலின் பாரம் பிரேக் ஹோஸில் தொங்கக் கூடாது.

பழைய டாக்ஸி:
தம்பி சொல்வது சரிதான், பட்டையை உருவ வேண்டாம். நான் ஓட்டிய காலத்தில் லோடுக்காகச் சேர்ப்போம், உருவுவோம், யார் இதையெல்லாம் அளந்தார்கள்!

வெள்ளை அம்பாசடர்:
அண்ணா, நீங்கள் சொன்னபடியே. யு போல்ட் நட்டுகள் நாலும் அரைச்சுற்று லூஸ். யு போல்ட்டின் அடித்தட்டை இறக்கியதும் ஆறுபட்டைத் தலை பளிச்சென்று தெரிந்தது, இரண்டு மூலைகள் நசுங்கியிருந்தன. சீட்டின் குழியைச் சுற்றிப் புதுக் கீறல்கள். வலப்பக்கம் பழைய போல்ட்டையே போட்டிருந்ததால் தப்பித்தது. உருண்டைத் தலை போல்ட் வாங்கி, பட்டைகளை சி கிளாம்பில் பிடித்துக்கொண்டு மாற்றினோம். ஜாக்கியை மெதுவாக ஏற்றி இறக்கினோம். தலை குழிக்குள் விழும்போது சின்னதாக ஒரு 'டக்'. அதற்குப் பிறகுதான் யு போல்ட்டை எதிரெதிர் நட்டுகளாக மாற்றி மாற்றி இறுக்கினோம். ஷாக்கிளையும் முன்முனையையும் வண்டியை இறக்கிய பிறகு முறுக்கினோம்.

இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றுபோல வருகிறது. உயரத்தில் 4 மி.மீ. வித்தியாசம் இருக்கிறது. சத்தம் இல்லை.

லாரிப் பட்டறை:
4 மி.மீ. பரவாயில்லை, ஒரு பட்டை புதியது அல்லவா, ஓடி உட்காரட்டும். 500 கி.மீ. போனதும் யு போல்ட்டை ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள், இதை மறக்கவே கூடாது. பட்டைகளுக்கு இடையே கிராஃபைட் கிரீஸ் போடலாம். ரப்பர் புஷ்ஷில் மட்டும் கிரீஸ் வேண்டாம், ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். மாட்டும்போது வழுக்க சோப்புத் தண்ணீர் போதும்.

ஸ்பேனர் 14:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நானும் இதே வேலையில் மாட்டியிருக்கிறேன். முன்முனை போல்ட்டின் நட்டு கழன்றுவிட்டது, போல்ட் சுற்றுகிறது, ஆனால் வெளியே வரவில்லை. கேஸ் வெல்டிங்கில் சூடு காட்டலாமா?

லாரிப் பட்டறை:
வேண்டவே வேண்டாம். ரப்பர் எரியும், பிரேக் பைப்பும் பெட்ரோல் டேங்கும் பின்னால்தான் இருக்கின்றன. போல்ட் துருப்பிடித்து புஷ்ஷின் உள்குழாயோடு ஒட்டிவிட்டது, அதனால் குழாயும் சேர்ந்து சுற்றுகிறது. முதலில் பட்டையில் இழுவை இல்லாதபடி ஜாக்கியைக் கொஞ்சம் ஏற்றி இறக்கிப் பாருங்கள், பாரம் விலகினாலே சிலது வந்துவிடும். துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஒரு ராத்திரி விட்டு, நட்டு இருந்த பக்கத்திலிருந்து பித்தளைக் கம்பி வைத்துத் தட்டுங்கள். வரவில்லையா, அடம்பிடிக்க வேண்டாம். பட்டை முனைக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் ஹேக்ஸா பிளேடை விட்டு இரண்டு பக்கமும் அறுத்துவிடுங்கள். போல்ட்டும் புஷ்ஷும் எப்படியும் புதிதாகத்தான் போடப் போகிறீர்கள். பிராக்கெட் வளையாமல் இருந்தால் போதும்.

ஸ்பேனர் 14:
நன்றி அண்ணா. பிளேடு வாங்கக் கிளம்புகிறேன்.