மூக்குக்கு ஸ்பிரே, நெஞ்சுக்குப் பம்: ரெண்டும் ஏன் வேணும்?

வாவிக்கரை (கல்லடி):
மகனுக்கு 9 வயசு. விடிய எழும்பினதும் அடுக்குத் தும்மல், மூக்கரிப்பு, பிறகு பகல் முழுக்க மூக்கடைப்பு. இரவில இருமலும் முட்டும் (ஆஸ்துமா இழைப்பு). கிளினிக்கில மண்ணிறப் பம்மோட (முட்டு வராம இருக்க நாளாந்தம் வாயால இழுக்கிற மருந்து) மூக்கு ஸ்பிரேயும் எழுதித் தந்திருக்காங்க. முட்டு நெஞ்சிலதானே, மூக்குக்கு ஏன் மருந்து? பம் மட்டும் போதாதா?

நெய்தல்:
போதாது. மூக்கிலிருந்து நுரையீரல் வரைக்கும் ஒரே பாதை. மூக்கு காத்தைச் சூடாக்கும், ஈரமாக்கும், தூசியை மறிக்கும். அது அடைச்சா பிள்ளை வாயால மூச்செடுக்கும். காய்ஞ்ச காத்தும் தூசியும் நேரே மூச்சுக்குழாய்க்குப் போகும். அதோட, மூக்கில ஒவ்வாமை கிளம்பினா ஈசினோபில் எனும் வெள்ளணுக்கள் ரத்தம் வழியா மூச்சுக்குழாய்க்கும் போய் அங்கேயும் வீக்கத்தை உண்டாக்கும். ஆஸ்துமா உள்ள பெரும்பாலானவங்களுக்கு மூக்கிலயும் ஒவ்வாமை இருக்கு. 2001இல உலக சுகாதார ஸ்தாபனத்தோட சேர்ந்து வந்த ஆரியா (மூக்கு ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் பற்றின) வழிகாட்டியும் ரெண்டையும் ஒண்டாப் பார்க்கத்தான் சொல்லுது.

குறிஞ்சாமுனை:
மருந்து கேட்கல்லை எண்டு சொல்றவங்களில கனபேர் அடிக்கிற முறையிலதான் பிழை விடுறாங்க. முதல்ல மூக்கைச் சீறச் சொல்லுங்க. போத்தலைக் குலுக்கி, தலையைக் கொஞ்சம் முன்னால குனிய வைங்க; அண்ணாந்து அடிக்கக் கூடாது. இடது மூக்குக்கு வலது கை, வலது மூக்குக்கு இடது கை. முனை நடுச்சுவரைப் பார்க்காம வெளிப்பக்கம், அந்தப் பக்கத்துக் கண் மூலையைப் பார்க்க வேணும். நடுச்சுவரில பட்டுப் பட்டுத்தான் ரத்தம் வாறது. மெதுவா உறிஞ்சினாப் போதும். தொண்டையில கசந்தா, பலமா உறிஞ்சிட்டார் எண்டு அர்த்தம். முழுப் பலன் தெரிய 2 கிழமை வரை எடுக்கும். மூணாம் நாளே நிப்பாட்டிப் போடாதீங்க.

மண்ணிறப் பம்மை ஸ்பேசரோட (பம்மைச் செருகி மூச்செடுக்கிற பிளாஸ்டிக் குழாய்) குடுங்க: ஒரு அடி, 5 அல்லது 6 மூச்சு, திரும்பக் குலுக்கி அடுத்த அடி. பிறகு வாய் கொப்பளிச்சுத் துப்ப வேணும், இல்லாட்டி வாயில வெள்ளை படரும். ஸ்பேசரைச் சவர்க்காரத் தண்ணியில கழுவி அப்படியே காய விடுங்க. துணியால துடைச்சா உள்ளுக்கு மின்னேற்றம் வந்து மருந்து சுவரிலேயே ஒட்டிக்கும்.

சம்மாந்துறை வயல்:
வீட்டையும் பாருங்க. விடியத் தும்மல் எண்டா முதல்ல சந்தேகப்பட வேண்டியது படுக்கைத் தூசியில இருக்கிற சிற்றுண்ணி. மாரி ஈரத்தில அது பெருகும். தலையணை உறை, விரிப்பைக் கிழமைக்கு ஒருக்கா 60 பாகை சுடுதண்ணியில ஊற வைச்சுத் துவைங்க. பழைய பஞ்சுத் தலையணையை மாத்துங்க. நுளம்புச் சுருளும் சாம்பிராணியும் வேண்டாம், வலை கட்டுங்க. அறுவடை நாளில வெட்டு மெசின் தூசியும், வைக்கோல் எரிக்கிற புகையும் வரும். காத்து வாற பக்கத்து யன்னலைப் பூட்டி வைங்க.

வாவிக்கரை:
பெரிய உதவி. பாமசியில வாங்கின சொட்டு மருந்து விட்ட உடனே மூக்கு திறக்குது. அதையே விடலாமா?

நெய்தல்:
வேண்டாம். அது ரத்தக் குழாயைச் சுருக்கி அடைப்பை எடுக்குமே தவிர வீக்கத்தை ஆற்றாது. 5 நாளுக்கு மேல விட்டா, மருந்து இறங்கினதும் முந்தியதை விட மோசமா அடைக்கும். பிறகு சொட்டு இல்லாம மூச்செடுக்க ஏலாது. அதுக்குப் பதிலா உப்புத் தண்ணி: கொதிக்க வைச்சு ஆறின தண்ணி 1 கப், அயடீன் சேராத உப்பு அரைத் தேக்கரண்டி, அப்பச்சோடா கால் தேக்கரண்டி. கிணத்துத் தண்ணியைப் பச்சையா மூக்கில விடவே கூடாது. கழுவி 10 நிமிசம் கழிச்சு ஸ்பிரே அடிங்க.

குறிஞ்சாமுனை:
ஒண்டு சேர்க்கிறன். ஒரு வசனத்தை முழுசாச் சொல்ல ஏலாம மூச்சு வாங்கினா, விலா எலும்புக்கு இடையில குழி விழுந்தா, உதடு நீலிச்சா, ஸ்பிரேயும் மண்ணிறமும் அந்த நேரத்துக்கு உதவாது. பிள்ளையை நிமிர்த்தி இருத்தி, நீலப் பம்மை (மூச்சுக்குழாயை உடனே விரிக்கிற மருந்து) ஸ்பேசரில அரை நிமிசத்துக்கு ஒரு அடியா, 10 அடி வரை குடுத்துக்கொண்டே 1990 அம்புலன்ஸுக்கு எடுங்க.