கலைச்சொல் வேண்டும்: அணுகுபுள்ளியா, அலைத்துறையா?

கையேட்டின் மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம்.

வகுப்பறையில் டேப்லெட் பயன்படுத்தும் ஆசிரியர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நான்காம் இயல் முழுவதும் ஒரே பெட்டியைப் பற்றியது: கூரையில் வெள்ளை வட்டமாக ஒட்டிக்கொண்டு சிறு விளக்கோடு இருக்கும் வயர்லெஸ் ஆக்சஸ் பாயின்ட். பாடத்தின் நடுவே டேப்லெட்டுகளின் இணைப்பு அறுந்துவிடாமல் இருக்க அதை எப்படி அமைப்பது என்று அந்த இயல் சொல்கிறது. இயந்திரத்திடம் தலைப்பைக் கொடுத்தேன். ‘மாத்திரைகளின் நம்பகமான இணைப்புக்குக் கம்பியில்லா அணுகல் புள்ளியைக் கட்டமைத்தல்’ என்று வந்தது. மாத்திரைகளை நானே அப்புறப்படுத்திவிட்டேன். ஆக்சஸ் பாயின்டுக்கு மட்டும் ஒரு நல்ல சொல் தாருங்கள். ரூட்டருக்குத் திசைவி என்று எழுதியிருக்கிறேன். அதோடு குழம்பாத சொல்லாக இருக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மதுரை:

தம்பி, மாத்திரையை ஏன் அவசரப்பட்டு நீக்கினீர்கள்? ‘கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை’ என்பது தொல்காப்பியம். மாத்திரை அளவைக் குறித்த சொல். அளந்து கொடுப்பதால்தான் மருந்துக்கு அப்பெயர் வந்தது. சரி, போகட்டும்.

புள்ளி என்பதை ஏற்க முடியாது. ‘மெய்யின் இயற்கை புள்ளியொடு நிலையல்’ என்ற நூற்பாவில் புள்ளி மெய்யெழுத்தின் தலைமேல் இருப்பது. இடம் என்ற பொருளை அதற்கு ஏற்றியது ஆங்கிலத்தின் நிழல். ஊர் வழக்கில் புள்ளி என்றால் ஆள். அணுகுபுள்ளி என்று எழுதினால் காரியம் முடிய யாரைப் போய்ப் பார்ப்பது என்று சொல்வதுபோல் இருக்கிறது. பெரும்புள்ளியா, சிறுபுள்ளியா என்று அடுத்த கேள்வி வரும்.

நம்மிடம் சொல் இல்லாமல் இல்லை. நீரை அணுகுவதற்கு என்றே அமைந்த இடத்துக்குப் பெயர் துறை. நீராடுதுறை, உண்துறை, மருதத் தலைவனைச் சுட்டும் தண்துறை ஊரன் எல்லாம் நாம் அறிந்தவைதாமே. நீருக்கு அலை உண்டு, இந்தக் கருவிக்கும் அலை உண்டு. ஆகவே ‘அலைத்துறை’. சொல்லும் இனிது, பொருளும் பொருந்தும்.

கணித ஆசிரியை, திருவாரூர் மாவட்டம்:

ஐயாவுக்கு வணக்கம். அலைத்துறை என்றால் என் மாணவர்கள் அதற்கு அமைச்சர் யார் என்று கேட்பார்கள். கல்வித்துறை, வனத்துறை, அலைத்துறை. சுற்றறிக்கையில் இந்தச் சொல்லைப் பார்த்தால் தலைமையாசிரியர் பதில் எழுதத் தொடங்கிவிடுவார்.

எனக்குச் சொல் எதுவானாலும் ஒன்றுதான். பகல் 12 மணிக்குமேல் எங்கள் பள்ளியில் புதிதாக எந்த டேப்லெட்டும் இணைவதில்லை. சிக்னல் கோடுகள் நிறைய இருக்கின்றன, ஆனால் ‘இணைய இணைப்பு இல்லை’ என்று வருகிறது. இதற்கு அந்த நான்காம் இயலில் விடை இருக்கிறதா?

வலையமைப்புப் பொறியாளர், கோவை:

அக்கா, உங்கள் கேள்விக்கு முதலில். இணையும் ஒவ்வொரு கருவிக்கும் வலை ஓர் எண் முகவரியைத் தர வேண்டும். உங்கள் வலையில் தருவதற்கு 254 முகவரிகள்தான் இருக்கும்; பெரும்பாலான இடங்களில் அப்படித்தான் விட்டுவைத்திருப்பார்கள். காலையில் உள்ளே வந்த கைபேசிகள் ஆளுக்கொரு முகவரியை ஒருநாள் குத்தகைக்கு எடுத்துக்கொள்ளும். ஆள் வெளியே போனாலும் முகவரி திரும்பாது. குத்தகைக் காலத்தை ஒன்றிரண்டு மணி நேரமாகக் குறைக்கச் சொல்லுங்கள். விருந்தினர் கைபேசிகளுக்குத் தனி வலை வைக்கச் சொல்லுங்கள்.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். பெயர் வைக்கும் முன் அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றன்மேல் ஒன்று படியாத தடங்கள் (சேனல்கள்) 1, 6, 11 என மூன்றுதான். அடுத்தடுத்த அறைகளில் எல்லாப் பெட்டிகளையும் 6இல் வைத்தால் அத்தனை அறைகளும் ஒரே வரிசையில் முறை காத்து நிற்கும். வேகம் வேண்டும் என்று தடத்தின் அகலத்தை 40 மெகாஹெர்ட்ஸ் ஆக்கினால் அந்த மூன்றும்கூட மிஞ்சாது, 20 போதும். டேப்லெட்டுகளை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவது நல்லது. அங்கும் சில தடங்கள் ரேடாருடன் பங்கு போட்டுக்கொள்பவை. ரேடார் அலை காதில் விழுந்தால் பெட்டி அந்தத் தடத்தைக் காலி செய்தே ஆக வேண்டும். வகுப்பு முழுவதும் ஒரே நொடியில் அறுந்துபோகும்.

பள்ளிகளில் நான் அதிகம் பார்க்கும் கோளாறு வேறு. ‘சிக்னல் பற்றவில்லை’ என்று யாரோ புகார் சொல்ல, பெட்டி அலையை அனுப்பும் திறன் அளவை உச்சத்தில் வைத்துவிடுகிறார்கள். பெட்டி உரக்கப் பேசும். டேப்லெட்டால் அவ்வளவு உரக்கத் திரும்பப் பேச முடியாது. திரையில் எல்லாக் கோடுகளும் எரியும், பக்கம் திறக்காது. திறனைக் குறைத்தால் இணைப்பு சீராகிறது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.

இன்னொன்று: எந்தப் பெட்டியோடு இணைவது என்ற முடிவை எடுப்பது டேப்லெட்தான். கீழ்த்தளத்தில் இணைந்த டேப்லெட் மாடி ஏறிய பிறகும் பழைய பெட்டியையே பிடித்துக்கொண்டு தேய்ந்துகொண்டிருக்கும், தலைக்குமேல் புதுப் பெட்டி சும்மா இருக்கும். வைஃபைக்கான 802.11 தரத்தில் இதற்காகவே கே, வி, ஆர் என்ற திருத்தங்கள் உண்டு. ‘கே’ அக்கம்பக்கத்துப் பெட்டிகளின் பட்டியலைத் தரும், ‘வி’ இடம் மாறச் சொல்லிப் பார்க்கும், ‘ஆர்’ மாறும்போது நடக்கும் அடையாளச் சோதனையைச் சுருக்கும். எல்லாம் பரிந்துரைதான், டேப்லெட் கேட்டால் உண்டு. ஆக அணுகுவது டேப்லெட், அணுகப்படுவது பெட்டி. ‘அணுகு’ என்ற பகுதி சரியாகவே இருக்கிறது. புள்ளியைப் பற்றி எனக்குக் கருத்தில்லை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மதுரை:

நன்றாக விளக்கினீர்கள். அதனாலேயே அணுகுபுள்ளி பிழை. அது வினைத்தொகை. அணுகிய புள்ளி, அணுகுகின்ற புள்ளி, அணுகும் புள்ளி என விரியும். புள்ளி எங்கே அணுகியது? எழுந்து நடந்ததா? வினை செய்வது டேப்லெட் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

நூலகர், யாழ்ப்பாணம்:

ஐயா பொறுத்தருள வேண்டும். உண்துறையும் வினைத்தொகைதான். அங்கே துறை எதை உண்டது? குடிநீரில் நீரா குடிக்கிறது? வினைத்தொகையில் வரும் பெயர் வினைமுதலாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. இடமாகவும் செயப்படுபொருளாகவும் வரலாம். தாங்கள் எடுத்துக் காட்டிய சொல்லே அணுகுபுள்ளிக்குச் சாட்சி சொல்கிறது.

சொற்களைப் பற்றி எங்கள் பக்கத்து அனுபவம் ஒன்று. மானிப்பாயில் இருந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் 1860களிலேயே மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார், நூல்களையும் ஆக்குவித்தார். அந்தச் சொற்களில் நின்றவை சில, போனவை பல. நாங்கள் ஸ்விட்சுக்கு ஆளி என்கிறோம், நீங்கள் சிரிப்பீர்கள். நாங்கள் ‘ரொறன்ரோ’ என்று எழுதும் ஊரை நீங்கள் ‘டொரன்டோ’ என்று எழுதுவதைப் பார்த்து நாங்களும் சிரிப்பதுண்டு. எங்கள் பாடநூல்களோடும் இந்தக் கையேடு ஒத்துப்போனால் நல்லது.

மென்பொருள் தமிழாக்கர், சென்னை:

டொரன்டோ, ரொறன்ரோ சண்டையை மறுபடியும் தொடங்க வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆசிரியர் கையில் இருக்கும் டேப்லெட்டின் அமைப்புகள் பக்கத்தில் ‘வைஃபை’ என்றுதான் இருக்கிறது. கையேட்டில் ‘அருகலை’ என்றோ ‘அலைத்துறை’ என்றோ எழுதினால் திரையில் அந்தச் சொல்லைத் தேடிக்கொண்டே இருப்பார். 1916இல் சேலத்தில் ராஜாஜியும் நண்பர்களும் அறிவியல் சொற்களுக்கென இதழ் நடத்தினார்கள். நூறாண்டு கடந்தும் நாம் அதே முச்சந்தியில்தான் நிற்கிறோம். என் வாக்கு: ‘வைஃபை பெட்டி’. முதல் முறை வரும்போது ஆக்சஸ் பாயின்ட் என்று ஒரு வரி விளக்கம் கொடுத்துவிட்டால் போதும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மதுரை:

பெட்டி! சவப்பெட்டி, அஞ்சல் பெட்டி, தீப்பெட்டி, அதோடு இதுவுமா?

உண்துறையைப் பற்றி யாழ்ப்பாணத்து அன்பர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அதனால் துறை தோற்றுவிடவில்லை, வினைத்தொகை பற்றிய என் மறுப்புத்தான் தோற்றது.

கையேட்டின் மொழிபெயர்ப்பாளர்:

நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை என்பதை நினைவூட்டுகிறேன். இதற்கிடையே இன்னொரு சிக்கல் முளைத்துவிட்டது. பெட்டி 102.4 மில்லிநொடிக்கு ஒருமுறை ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று தன் பெயரோடு அறிவிக்கிறது. இதை பீக்கன் என்கிறார்கள். உறங்கும் டேப்லெட் எத்தனை பீக்கனுக்கு ஒருமுறை விழித்துப் பார்க்க வேண்டும் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. எண்ணைக் கூட்டினால் பேட்டரி மிச்சம், ஆனால் எல்லாருக்கும் பொதுவாக அனுப்பும் செய்தி தாமதமாகும். பீக்கனுக்கு என்ன எழுதலாம்?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மதுரை:

தம்பி, இதைத்தான் காலம் கனிந்து வருவது என்பார்கள். சிலப்பதிகாரக் கடலாடு காதையில் ‘கலங்கரை விளக்கம்’ வருகிறது. கலம், கரை, விளக்கம் என்று பிரித்துக் கரையில் இருக்கும் விளக்கு என்று பலரும் நினைக்கிறார்கள். அங்கே கரைதல் என்பது அழைத்தல். ‘காக்கை கரவா கரைந்துண்ணும்’ என்ற குறளில் வரும் அதே கரைதல். கலத்தைக் கூவி அழைக்கும் விளக்கு அது. உங்கள் பெட்டியும் கூவித்தானே அழைக்கிறது? ஆகவே பீக்கனுக்குக் ‘கரைவு’. அலைத்துறையில் கரைவு. இனி யாரும் மறுக்க மாட்டீர்கள்.

கணித ஆசிரியை, திருவாரூர் மாவட்டம்:

கரைவு என்றால் சர்க்கரை தண்ணீரில் கரைவது என்றுதான் ஆறாம் வகுப்பு எழுதும். ‘அறிவிப்பு அலை’ என்று எழுதிவிட்டுப் போகலாமே.

குத்தகைக் காலத்தைக் குறைத்தாயிற்று. இன்று பிற்பகல் எல்லா டேப்லெட்டுகளும் இணைந்தன. கோவைத் தம்பிக்கு நன்றி. மாடி வகுப்பில் மட்டும் ஒன்று இன்னும் கீழ்த்தளத்தை விடமாட்டேன் என்கிறது. சரியான விடாக்கண்டன்.

வலையமைப்புப் பொறியாளர், கோவை:

அக்கா, நாங்கள் ஸ்டிக்கி கிளையன்ட் என்று சொல்லிக்கொண்டிருப்பது அதைத்தான். விடாக்கண்டன் அதைவிடப் பொருத்தம். அதற்கு மருந்து, கீழ்த்தளப் பெட்டியைக் கொடாக்கண்டன் ஆக்குவது: சமிக்ஞை ஓர் அளவுக்குக் கீழே தேய்ந்தால் இணைப்பைத் தர மறுத்துவிடும்படி குறைந்தபட்ச அளவு ஒன்றை வையுங்கள். மிகவும் இறுக்கினால் அறை மூலையில் இருக்கும் பிள்ளைக்கும் இணைப்பு கிடைக்காது, பார்த்துச் செய்யுங்கள்.

மென்பொருள் தமிழாக்கர், சென்னை:

விடாக்கண்டனுக்கு என் முழு ஆதரவு.

நூலகர், யாழ்ப்பாணம்:

எனதும். எங்கள் பக்கமும் விளங்கும்.

கையேட்டின் மொழிபெயர்ப்பாளர்:

மெய்ப்பு இன்றிரவு போகிறது. அணுகுபுள்ளிக்கு மூவர், வைஃபை பெட்டிக்கு இருவர், அலைத்துறைக்கு ஐயா ஒருவர். எனக்கும் அணுகுபுள்ளியின்மேல் பெரிய காதல் இல்லை; வேறு வழி தெரியவில்லை. முதல் முறை வரும் இடத்தில் ‘வைஃபை இணைப்பைத் தரும் கூரைப் பெட்டி’ என்று விளக்கம் சேர்த்திருக்கிறேன். பீக்கனுக்கு அறிவிப்பு அலை. ஸ்டிக்கி கிளையன்டுக்கு விடாக்கண்டன், மேற்கோள் குறிக்குள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மதுரை:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. என் கட்டுரைகளில் அலைத்துறை என்றே எழுதுவேன். மெய்ப்பில் 31ஆம் பக்கத்தில் ‘அணுகுப்புள்ளி’ என்று இருக்கிறது. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஊறுகாயை யாரும் ஊறுக்காய் என்று எழுதுவதில்லை. உங்கள் சொல்லையாவது பிழையின்றி அச்சிடுங்கள். ‘கம்பியில்லா தொடர்பு’ என்று இருப்பதில் மட்டும் ஒற்றைச் சேருங்கள். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தின் பின் மிகும்.