முதியோருக்குச் சிரைவழி நீர்மம்: 'துலங்கல்', 'தாங்குதிறன்' என இரு சொற்கள்

அன்பர்களுக்கு வணக்கம்.

சிரைவழியாக ஏற்றும் நீர்மத்துக்கு ('டிரிப்ஸ்') முதிய உடல் எப்படி வினையாற்றுகிறது என்பதைக் குறிக்க 'நீர்ம எதிர்வினை' என்ற சொல் இந்தக் கலைச்சொல் உரையாடலில் முன்மொழியப்பட்டிருக்கிறது. அதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து மருத்துவமனைகளில் 'ரியாக்‌ஷன்' என்றால், பாட்டில் ஏறிக்கொண்டிருக்கும்போதே குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வருவதையே நோயாளியின் வீட்டார் நினைக்கிறார்கள். அதற்கு நேர்த் தமிழாக நிற்கும் 'எதிர்வினை'யை இதயத்தின் இயல்பான செயல் ஒன்றுக்குச் சூட்டினால், படிப்பவர் ஆபத்தைத் தவறான இடத்தில் தேடுவார்.

அதைவிடப் பெரிய குறை, இரண்டு தனிக் கேள்விகளை அச்சொல் ஒன்றாக்கிவிடுவது. நீர்மம் ஏற்றினால் இதயம் ஒரு துடிப்பில் வெளித்தள்ளும் இரத்தத்தின் அளவு கூடுமா என்பது முதல் கேள்வி, 500 மி.லி. வரை விரைந்து ஏற்றிய பின் அது 10 முதல் 15 விழுக்காடு கூடினால், கூடியதாகக் கொள்வது வழக்கம். ஏற்றிய நீர்மத்தை, நுரையீரலில் நீர் கோக்காமலும் கால் வீங்காமலும் அந்த உடல் வைத்துக்கொள்ளுமா என்பது இரண்டாவது கேள்வி. இளம் உடலில் இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே விடைதான். வயது ஏற ஏற விடைகள் பிரிகின்றன.

இளம் ஆணின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடாக இருக்கும் நீர், தசை குறைந்து கொழுப்பின் பங்கு கூடுவதால், முதுமையில் 50 விழுக்காட்டை ஒட்டி இறங்கிவிடுகிறது. தாக உணர்வும் மங்குகிறது. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, பெரிய வளவு வீட்டில் சித்திரை வெயிலைத் தனியே கழிக்கும் ஆச்சி, நாக்கு வறண்ட பின்னும் ஒரு செம்புத் தண்ணீர் எடுத்துக் குடிப்பதில்லை. அவருக்கு நீர்மம் தேவை என்பது மெய். ஆனால் அவருடைய இதயத்தின் இடது கீழறை விறைத்திருக்கிறது. தளர்ந்து விரிய வேண்டிய நேரத்தில் அது முழுதாக விரியாததால், சிறிதளவு நீர்மம் கூடினாலும் உள்ளழுத்தம் சட்டென்று ஏறி, நுரையீரல் சிரைகள் வரை பின்னோக்கிப் பரவுகிறது. சிறுநீரகத்தின் வடிகட்டும் வேகமோ 40 வயதுக்கு மேல் ஆண்டுதோறும் ஏறத்தாழ நிமிடத்துக்கு 1 மி.லி. வீதம் குறைந்து வந்திருக்கிறது. ஒரு லிட்டர் நார்மல் சலைனில் உள்ள 9 கிராம் உப்பை வெளியேற்ற அதற்கு நேரம் பிடிக்கும். வண்டல் மேடிட்ட கண்மாய் சீக்கிரம் வறளும், சீக்கிரம் கலுங்கும் பாயும். முதிய உடலின் நிலை அதுதான்.

ஆகவே முதலாவதை 'நீர்மத் துலங்கல்' எனலாம். தூண்டல், துலங்கல் என்ற இணை பள்ளி அறிவியலிலேயே பழகியது. அதில் நோயின் சாயல் இல்லை. இரண்டாவதற்கு 'நீர்ம ஏற்பு' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'ஏற்பி' என்பது செல்லில் ஹார்மோன் முதலியவற்றை ஏற்கும் புரதத்துக்கு ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டதால் குழப்பம் வரும். 'நீர்மத் தாங்குதிறன்' என்பதே என் தேர்வு. "இந்த வயசுக்கு உடம்பு தாங்குமா?" என்று வார்டு வராந்தாவில் வீட்டார் கேட்பதற்கும் அதற்கும் இடையே தொலைவு இல்லை.

தாங்குதிறன் குறைவு என்பது நீர்மத்தை மறுப்பதற்கான காரணமாகிவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். 1832இல் ஸ்காட்லாந்தின் லீத் நகரில் காலராவுக்குச் சிரைவழியாக உப்புநீர் செலுத்திய தாமஸ் லாட்டாவின் முதல் நோயாளி ஒரு மூதாட்டியே. அரை மணி நேரத்தில் ஆறு பைண்ட் (ஏறத்தாழ 3.4 லிட்டர்) ஏறியதும் அவர் உடல் தேறியது. பேதியும் வாந்தியும் திரும்பியபோது மேற்கொண்டு நீர்மம் கிடைக்காமல் சில மணி நேரத்தில் இறந்துபோனார். துலங்கல் முதுமையிலும் இருக்கும். அதனால்தான் அதற்குத் தனிச்சொல் வேண்டும்.

சோதனைகளும் இந்தப் பிரிவையே காட்டுகின்றன. படுத்திருப்பவரின் கால்களை 45 பாகை உயர்த்தினால் ஏறத்தாழ 300 மி.லி. இரத்தம் இதயத்தை நோக்கி வருகிறது. அப்போது இதயம் வெளித்தள்ளும் அளவை அளந்தால் துலங்கல் தெரியும். தாங்குதிறனை அது சொல்லாது. அதற்கு நுரையீரலின் அடிப்பகுதியில் இரைச்சல் கேட்கிறதா, கழுத்துச் சிரை புடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறிப்பேட்டில் இப்படி எழுதிப் பாருங்கள்: "நீர்மத் துலங்கல் உண்டு, தாங்குதிறன் குறைவு, 250 மி.லி. ஏற்றி, நுரையீரலை மறுபடி கேட்டபின் முடிவெடுக்கவும்." அடுத்த முறைப் பணிக்கு வரும் செவிலியருக்கு இதில் ஐயம் எழாது.

நீர்மம் ஏற்றும் வேகத்தைப் பற்றிப் பேசவும் 'தாங்குதிறன்' உதவும். மி.லி.க்கு 20 சொட்டு விழும் குழாயில், 500 மி.லி. நான்கு மணி நேரத்தில் முடிய நிமிடத்துக்குச் சுமார் 42 சொட்டு வேண்டும். சீக்கிரம் முடியட்டும் என்று கூட இருப்பவர் குழாயின் சக்கரத்தை நகர்த்தினால் அது எளிதில் இரு மடங்காகிவிடும். தாங்குதிறன் என்ற சொல்லை அவரிடம் அப்படியே சொல்லி விளக்க முடியும்.

ஒருவருக்கு இதற்குமேல் ஏற்றக் கூடாது என்னும் அளவை 'தாங்கெல்லை' என்பதா, 'தாங்குவரம்பு' என்பதா என்பது மட்டும் மீதமிருக்கிறது. சிகிச்சையின் போக்கில் அந்த அளவு மாறிக்கொண்டே இருப்பதால், நிலைத்த கோட்டை நினைவூட்டும் 'எல்லை'யை விட 'வரம்பு' பொருந்தும் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுத வேண்டுகிறேன்.