பிளெண்டர் ரெண்டரில் வானம் ஒட்டுப் போட்ட மாதிரி தெரிகிறது: எங்கே சரிசெய்வது?

மேல்மாடி:
பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் செய்த இரண்டு மாடி வீடு, வெளித்தோற்றம். ரெண்டர் (கணினி உருவாக்கும் இறுதிப் படம்) சைக்கிள்ஸ் எஞ்சினில், 24 மிமீ கேமரா, 3840×2160. வெளிச்சத்துக்கு 4கே எச்டிஆர்ஐ, அதாவது சுற்றுப்புறம் முழுவதும் ஒளி அளவோடு பதிந்த 360 டிகிரிப் படம். அதையே பின்னணியாக விட்டால் வானம் மங்கலாக வருகிறது. அதனால் ஃபிலிம் அமைப்பில் டிரான்ஸ்பரன்ட் டிக் செய்து பின்னணியை நீக்கி, கம்பாசிட்டரில் (படங்களை அடுக்கிச் சேர்க்கும் பகுதி) ஆல்ஃபா ஓவர் மூலம் ஒரு மேகப் படத்தைப் பின்னால் வைத்தேன். இப்போது ஜன்னல் வழியே பழைய வானமே தெரிகிறது, மர இலை ஓரமெல்லாம் கறுத்துப்போகிறது, மேகப் படமும் வெளுத்துச் சாம்பலாகிவிடுகிறது. எதை மாற்ற வேண்டும்?

சுண்ணாம்புச்சுவர்:
மங்கலுக்குக் காரணம் எளிய கணக்கு. 4கே எச்டிஆர்ஐ 360 டிகிரிக்கும் சேர்த்து 4096 பிக்சல்தான். 24 மிமீ லென்ஸ், 36 மிமீ சென்சார் என்றால் கேமரா பார்ப்பது சுமார் 74 டிகிரி. அதற்குக் கிடைப்பது ஏறக்குறைய 840 பிக்சல். அதை 3840க்கு இழுக்கிறீர்கள். 16கே இருந்தால் 3360 பிக்சல் வரும், போதும். ஆனால் ஜிபியூ நினைவகத்தை நிறையத் தின்னும்.

ஜன்னலுக்கு, டிரான்ஸ்பரன்ட்டுக்குக் கீழேயே டிரான்ஸ்பரன்ட் கிளாஸ் என்று ஒரு டிக் உண்டு. அது இல்லாவிட்டால் கண்ணாடி முழு ஆல்ஃபாவோடு, அதாவது பின்னால் இருப்பதைக் காட்டாமல் மறைக்கும் பிக்சலாக வரும், அதற்குள் எச்டிஆர்ஐ வானம் பதிந்துவிடும். டிக் செய்தாலும் கண்ணாடியின் பிரதிபலிப்பில் எச்டிஆர்ஐதான் தெரியும். வெறும் நீல வானம் பிரதிபலிக்க, பின்னால் கருமேகம் நின்றால் கண் உடனே பிடித்துவிடும். பின்னணிப் படத்தில் இருக்கிற அதே அளவு மேகமூட்டம் உள்ள எச்டிஆர்ஐயாகப் பாருங்கள்.

கோட்டுநிழல்:
இலை ஓரம்: ஆல்ஃபா ஓவர் நோடில் கன்வர்ட் பிரீமல்டிப்ளைட் டிக் ஆகியிருக்கிறதா பாருங்கள், இருந்தால் எடுங்கள். ரெண்டர் லேயர் ஏற்கெனவே ஆல்ஃபாவால் பெருக்கப்பட்டுத்தான் வருகிறது. மறுபடி பெருக்கினால் 0.5 ஆல்ஃபா உள்ள ஓரத்தில் நிறம் பாதிக்குப் பாதியாகும். அதுதான் அந்தக் கறுப்பு.

சாம்பல் நிறத்துக்குக் காரணம் ஏஜிஎக்ஸ், அதாவது ரெண்டரின் ஒளி அளவைத் திரைக்கேற்ற நிறமாக மாற்றும் வியூ டிரான்ஸ்ஃபார்ம். மேகப் படம் கேமராவிலேயே டோன் முடிந்து வந்த ஜேபெக். அதன்மேல் ஏஜிஎக்ஸ் இன்னொரு முறை ஏறுகிறது. வீட்டை மட்டும் ஏஜிஎக்ஸில், ஆல்ஃபாவும் சேர்ந்த 16 பிட் ஆர்ஜிபிஏ பிஎன்ஜியாகச் சேமித்து, வேறு ஃபைலில் வியூ டிரான்ஸ்ஃபார்மை ஸ்டாண்டர்டுக்கு மாற்றி, இரண்டையும் அங்கே சேருங்கள். சாச்சுரேஷனை ஏற்றிச் சமாளிக்காதீர்கள். நீலம் மட்டும் கத்தும்.

மேல்மாடி:
இலையும் ஜன்னலும் சரியாகிவிட்டன, நன்றி. ஆனாலும் வீடு வானத்தோடு ஒட்டவில்லை. கேமரா சாய்க்கவில்லை, ஷிஃப்ட் ஒய் (சாய்க்காமலே சட்டத்தை மேலே நகர்த்தும் அளவு) 0.1. நிழல் வலப்பக்கம், சுவர் உயரத்துக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம்.

சுண்ணாம்புச்சுவர்:
அப்படியானால் அடிவானத்தைக் கணக்குப் போட்டே வைக்கலாம். கேமரா சாயாதபோது அடிவானம் சட்டத்தின் நடுவில், அதாவது மேலிருந்து 1080இல் இருக்கும். ஷிஃப்ட் 0.1 என்பது அகலத்தில் பத்தில் ஒரு பங்கு, 384 பிக்சல் கீழே. ஆக 1464. மேகப் படத்தின் அடிவானம் அந்தக் கோட்டில் உட்கார வேண்டும். தரை அதற்குக் கீழேயே முடிந்துவிட்டால் அந்த இடைவெளியை மரமோ மதிலோ வைத்து மூடுங்கள்.

கோட்டுநிழல்:
நிழல் இரண்டு மடங்கு என்றால் சூரியன் சுமார் 27 டிகிரி உயரத்தில், இடப்பக்கம். மாலைச் செவ்வானம் இதற்குச் சேரவே சேராது. 10 டிகிரியிலேயே நிழல் ஐந்தரை மடங்கைத் தாண்டிவிடும். வெள்ளை மேகமும் வெளிர் நீலமும் உள்ள படம் எடுங்கள். மேகத்தின் ஒளிபட்ட விளிம்பு இடப்பக்கம் இருக்கட்டும். வலப்பக்கம் இருந்தால் படத்தைக் கிடைமட்டமாகத் திருப்பிப் போடலாம், எழுத்தோ கட்டடமோ இல்லாத வானத்தில் அது தெரியாது. 85 மிமீ லென்ஸில் எடுத்த மேகத்தை 24 மிமீ காட்சிக்குப் பின்னால் வைத்தால் மேகம் பூதாகரமாகி வீடு பொம்மையாகத் தெரியும். அகல லென்ஸில் எடுத்த படமாகத் தேடுங்கள்.