எட்டு வகை மணங்களில் பெண்ணின் சம்மதம் எங்கே வருகிறது?

ஆதிபருவம்_வாசகன்:
வணக்கம். எங்கள் வாசிப்புக் குழுவில் மகாபாரதத்தின் ஆதி பருவம் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு கட்சிகளாகப் பிரிந்துவிட்டோம். சுயம்வரமும் காந்தர்வமும் (இருவரும் விரும்பித் தாமே சேரும் மணம்) இருந்த காலம், பெண்தான் தேர்ந்தெடுத்தாள் என்கிறது ஒரு கட்சி. அம்பையையும் சுபத்திரையையும் தேரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்களே, அதில் சம்மதம் எங்கே என்கிறது இன்னொன்று.

என் கேள்விகள்: எட்டு வகை மணத்தில் பெண்ணின் விருப்பம் எதில் கட்டாயம்? வளர்ப்புத் தந்தை கண்வர் ஆசிரமத்தில் இல்லாதபோது சகுந்தலை செய்துகொண்ட மணம் செல்லுமா? சுபத்திரைக்கு அர்ஜுனன்மேல் விருப்பம் இருந்ததா?

ஏடுபுரட்டி:
முதல் கேள்விக்கு மனுஸ்மிருதி மூன்றாம் அத்தியாயத்தைப் பாருங்கள். பிரம்மம், தைவம், ஆர்ஷம், பிராஜாபத்யம் நான்கிலும் கொடுப்பவர் தந்தை. யாருக்கு, எதை வாங்கிக்கொண்டு அல்லது வாங்காமல் கொடுக்கிறார் என்பதில்தான் வேறுபாடு. தைவத்தில் யாகம் நடத்தித் தரும் ரித்விக்குக்கு. ஆர்ஷத்தில் ஒரு ஜோடியோ இரண்டு ஜோடியோ மாடு வாங்கிக்கொண்டு. ஆசுரத்தில் மாப்பிள்ளை பெண்ணுக்கும் உறவினருக்கும் பொருள் கொடுக்கிறான். பாண்டுவுக்கு மாத்ரியை மணமுடிக்க பீஷ்மர் அவள் அண்ணன் சல்லியனிடம் செல்வத்தைக் கொட்டியது இந்த வகையை ஒட்டியது. அது தன் குலவழக்கம் என்று சல்லியனே சொல்கிறான்.

பெண்ணின் விருப்பம் இலக்கணத்திலேயே இருப்பது காந்தர்வம் ஒன்றில் மட்டும். விருப்பம் இல்லாமை இலக்கணத்திலேயே இருப்பது இரண்டில். உறவினரை வெட்டி, வீட்டை உடைத்து, கதறி அழும் பெண்ணைக் கவர்வது ராட்சசம். தூங்குகிறவளையோ, போதையிலோ நினைவு தப்பியோ இருப்பவளையோ அடைவது பைசாசம்.

அடுத்துவரும் தீர்ப்பைக் கவனியுங்கள். பைசாசமும் ஆசுரமும் கூடவே கூடாது என்கிறது நூல் (3.25). ராட்சசத்தை க்ஷத்திரியனுக்கு அனுமதிக்கிறது (3.26). ராட்சசம், பைசாசம் இரண்டிலும் பெண்ணின் சம்மதம் இல்லை. ஒன்றில் ஆண் எதிர்ப்பவர்களோடு சண்டையிடுகிறான், மற்றதில் ஒளிந்து செய்கிறான், வேறுபாடு அவ்வளவுதான். ஆகவே இந்த வரிசையைச் சம்மதத்தின் அளவுகோலாக எடுத்துக்கொண்டு குழுவில் வாதாடினால் இரண்டு கட்சியும் தடுமாறும்.

சுயம்வரத்தையும் பிரித்துப் பாருங்கள். தமயந்தி நளனைத் தேர்ந்தெடுத்தது உண்மையான தேர்வு. நளன் உருவிலேயே நின்ற நான்கு தேவர்களின் வியர்க்காத உடலையும் இமைக்காத கண்ணையும் வாடாத மாலையையும் நிலத்தில் படாத காலையும் கண்டறிந்து, அவர்களை விலக்கி மாலையிடுகிறாள். திரௌபதிக்கும் சீதைக்கும் நடந்தது வீரிய சுல்கம், அதாவது வில்லை வென்றவனுக்குப் பெண் என்று தந்தை வைத்த பந்தயம். சூதனை (தேரோட்டி மகனை) வரிக்க மாட்டேன் என்று திரௌபதி கர்ணனை மறுத்த வரியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பல சுவடிகளை ஒப்பிட்டுத் தயாரித்த பூனா பண்டார்கர் நிறுவனத்தின் செம்பதிப்பு அதை மூலத்தில் ஏற்கவில்லை.

கரணம்:
சகுந்தலை பற்றி. காளிதாசரின் சாகுந்தல நாடகத்தை மறந்துவிட்டுப் படிக்க வேண்டும். பாரதத்தில் மோதிரமும் இல்லை, துர்வாசர் சாபமும் இல்லை.

அரசன் துஷ்யந்தன் மணக்கக் கேட்டதும் அவள் சொல்லும் முதல் பதில், 'அப்பா பழம் பறிக்கப் போயிருக்கிறார், சற்றுப் பொறுங்கள், அவரே என்னைத் தருவார்' என்பதுதான். அதன் பிறகுதான் அவன் எட்டு வகையையும் அடுக்கி, தனக்குத் தானே உறவு, ஆகவே நீயே உன்னைக் கொடுக்கலாம் என்று வாதாடுகிறான். அவள் உடனே மயங்கிவிடவில்லை. தனக்குப் பிறக்கும் மகனே இளவரசன், அவனே அடுத்த அரசன் என்று நிபந்தனை போடுகிறாள். அவன் ஒப்புக்கொண்டு முறைப்படி கைப்பிடிக்கிறான். நால்வகைப் படையை அனுப்பி அழைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் போகிறான். திரும்பி வந்த கண்வர், இது தர்மத்துக்கு விரோதமில்லை, விரும்பியவளும் விரும்பியவனும் மந்திரமின்றித் தனிமையில் சேர்வது க்ஷத்திரியனுக்குச் சிறந்தது என்று ஏற்கிறார். ஆக, செல்லும்.

சிக்கல் சாட்சி இல்லாததில் வருகிறது. படை வரவில்லை. ஆறு வயது மகனோடு அவள் சபைக்குப் போகிறாள். நினைவிருந்தும் நினைவில்லை என்கிறான் அரசன். மூலம் அதை ஒளிக்கவில்லை. அசரீரி சாட்சி சொன்ன பிறகுதான், எனக்கும் தெரியும், இவள் சொல்லை மட்டும் நம்பி ஏற்றிருந்தால் உலகம் சந்தேகித்திருக்கும் என்கிறான். சம்மதம் இரண்டு பேருடையது. நிரூபிக்கும் சுமையோ அவள் ஒருத்தி தலையில். இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

தொல்காப்பியக் களவியல், 'மறையோர் தேஎத்து மன்றல் எட்டனுள்' யாழோர் முறைக்குத்தான் (காந்தர்வத்துக்குத்தான்) களவை, அதாவது மறைவாக நடக்கும் காதல் உறவை, ஒப்பிடுகிறது. 'பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர்' கரணம், அதாவது மணச் சடங்கு, வகுத்தார்கள் என்று கற்பியல் சொல்லும் காரணத்தை துஷ்யந்தன் சபையோடு சேர்த்துப் படியுங்கள். மனுவில்கூட ஏழாவது அடியில்தான் மணம் நிறைவாகிறது (8.227). ஊர் பார்க்க நடக்கும் சடங்கை, பின்னால் 'நான் இல்லை' என்று சொல்ல முடியாதபடி போடும் பூட்டாகவே நான் பார்க்கிறேன்.

ஆதிபருவம்_வாசகன்:
நன்றி. அப்படியானால் காந்தர்வத்தை மறுத்த பெண் யாராவது உண்டா?

கரணம்:
உண்டு, அதே ஆதி பருவத்தில். சூரியன் மகள் தபதி. அவளை விரும்பிய அரசன் சம்வரணனும் காந்தர்வமே சிறந்தது என்றுதான் கேட்கிறான். உன்மேல் எனக்கும் அன்பு உண்டு, ஆனால் என் உடலுக்கு நான் அதிகாரி இல்லை, என் தந்தையைக் கேள் என்று போய்விடுகிறாள். பிறகு வசிஷ்டர் நேரில் சென்று சூரியனிடம் பெண் கேட்கிறார். சகுந்தலையையும் தபதியையும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

ரைவதகம்:
சுபத்திரை பற்றி யாரும் சொல்லவில்லையே. எந்தப் பாடத்தை, அதாவது எந்தச் சுவடி மரபின் பதிப்பைக் கையில் வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

செம்பதிப்பில் அவள் விருப்பம் பற்றி ஒரு சொல்கூட இல்லை. சுயம்வரம் வைத்தால் முடிவு நிச்சயமில்லை, கவர்ந்து செல் என்று அவள் அண்ணன் கிருஷ்ணனே யோசனை சொல்கிறான். விரைவுத் தூதரை அனுப்பி யுதிஷ்டிரரிடம் அனுமதி வாங்குகிறார்கள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. ரைவதக மலையை வலம் வந்து துவாரகை திரும்பும்போது பலவந்தமாகத் தேரில் ஏற்றப்படுகிறாள். பலராமன் கொதிக்கும்போது கிருஷ்ணன் சொல்லும் சமாதானத்தில், கன்னியை மிருகம்போல் தானம் கொடுப்பதை யார் ஏற்பார், பெற்ற பிள்ளையை யார் விற்பார் என்று கேட்கிறான். கன்யாதானத்துக்கும் சுல்கத்துக்கும் (பெண்ணுக்கு வாங்கும் விலைக்கும்) எதிரான கூர்மையான கேள்வி. ஆனால் கடத்தலுக்கு ஆதரவாக எழுப்பப்படுகிறது.

தென்னகப் பாடத்தில் அர்ஜுனன் யதி (துறவி) வேடத்தில் துவாரகையில் தங்குகிறான். பணிவிடை செய்யும் சுபத்திரை அவன் யாரென்று அறிந்து மனம் கொடுக்கிறாள். வில்லிபாரதத்திலும் இந்த வேடம் வருகிறது. நம் ஊரில் கேட்ட கதையில் அவளுக்குச் சம்மதம் இருப்பது இதனால்தான். உங்கள் இரண்டு கட்சியும் வேறு வேறு பதிப்பைப் படித்துவிட்டு மோதுகிறார்களோ என்று முதலில் பாருங்கள்.

ஏடுபுரட்டி:
பீஷ்மர் தன் தம்பிக்காகச் சுயம்வரத்திலிருந்து கவர்ந்து வந்த அம்பையை ஆதி பருவத்தோடு நிறுத்தாதீர்கள். அங்கே சில சுலோகங்கள்தான். மனத்தால் சால்வ மன்னனை வரித்துவிட்டேன், அவனும் என்னை வரித்தான், அப்பாவின் விருப்பமும் அதுவே என்கிறாள். பீஷ்மர் அந்தணர்களைக் கலந்து அவளை அனுப்பிவிடுகிறார். அந்த அளவுக்கு அவள் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. ஆனால் நேரம் தவறி வந்த மதிப்பு.

முழு வழக்கு உத்தியோக பருவத்தின் கடைசிப் பகுதியில். பிறன் கைப்பட்டவள் என்று சால்வன் ஏற்க மறுத்த பிறகு, வழியில் நின்று அவள் குற்றவாளிகளை எண்ணுகிறாள். போர் நடந்தபோது தேரிலிருந்து குதிக்காத தன்னை, பீஷ்மரை, சால்வனை, விலைப்பெண்ணைப்போல் தன்னை வீரிய சுல்கத்துக்கு வைத்த தந்தையை. பீஷ்மரே தொடக்கம் என்ற முடிவுக்கு அதன் பிறகுதான் வருகிறாள். உங்கள் குழு விவாதிக்க அந்தப் பட்டியல் ஒன்றே போதும். தந்தையின் பெயர் அதில் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை.