பழைய மவுண்டன் பைக்குக்குக் கட்டுப்படியாகிற முன் ஃபோர்க்: மாற்றியவர்கள் சொல்லுங்கள்

பள்ளம்மேடு:
என்னுடையது 26 இன்ச் வீல், முன்னும் பின்னும் வி-பிரேக் (ரிம்மைக் கட்டையால் பிடிப்பது), 80 மி.மீ ட்ராவல் (ஃபோர்க் அமுங்கும் தூரம்). முன்வீலைப் பிடிக்கும் ஃபோர்க் இப்போது பெயருக்குத்தான் சஸ்பென்ஷன். அமுக்கினால் பாதி இறங்கி அங்கேயே நின்றுவிடுகிறது. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை ஆட்டினால் டக் டக் என்று சத்தம். ஹெட்செட்டை (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்) இறுக்கிப் பார்த்தாயிற்று, ஆட்டம் அங்கே இல்லை. ஃபோர்க்கின் கால்களுக்குள் இருக்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. புது வண்டி வாங்கு என்கிற ஆலோசனை மட்டும் வேண்டாம், ஃப்ரேம் அருமையாக இருக்கிறது. குறைந்த செலவில் மாற்றியவர்கள் எதைப் பார்த்து வாங்கினீர்கள்?

ஸ்போக் சத்தம்:
விலையை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஸ்டீரர் குழாயை, அதாவது ஃபோர்க்கிலிருந்து மேலே ஃப்ரேமுக்குள் போகும் குழாயை, அளந்துவிடுங்கள். ஹேண்டிலைப் பிடிக்கும் ஸ்டெம்மைக் கழற்றிவிட்டு அளவுக் காலிபர் வைத்தால் 28.6 மி.மீ வரும், அதாவது ஒன்றே அரைக்கால் (1 1/8) இன்ச். மேலிருந்து கீழ்வரை ஒரே தடிமன். இப்போது வரும் நல்ல ஃபோர்க்குகளில் பெரும்பாலானவற்றின் ஸ்டீரர் அடியில் ஒன்றரை இன்ச்சாகப் பருத்திருக்கும். உங்கள் ஹெட் டியூபின் (ஸ்டீரர் நுழையும் ஃப்ரேமின் முன்குழாய்) உள்விட்டம் 34 மி.மீ என்றால் அது நுழையவே நுழையாது. 44 மி.மீ என்றால் மட்டும் வெளியே நிற்கும் கீழ்க்கிண்ணம் போட்டுச் சமாளிக்கலாம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். காற்றழுத்தத்தில் வேலை செய்யும் பழைய ஏர் ஃபோர்க் ஒன்று விற்பனைக்கு வந்தது. ஸ்டாஞ்சனில் (வழுக்கி இறங்கும் உள்கால்) ஒரு கீறல் இல்லை. ஸ்டீரர் நீளம் எவ்வளவு என்று இரண்டு தடவை கேட்டேன், "எல்லா வண்டிக்கும் போதும்" என்பதே பதில். வந்து பார்த்தால் யாரோ சின்ன ஃப்ரேமுக்காக வெட்டியது. ஸ்டெம் பிடிக்க இடமே இல்லை. விற்றவர் திரும்ப எடுக்கவில்லை. நல்லவேளை, சின்ன ஃப்ரேம் வைத்திருந்த நண்பருக்குக் கச்சிதமாக அமைந்தது. ஹெட் டியூப், ஹெட்செட் கிண்ணங்கள், ஸ்பேசர், ஸ்டெம் எல்லாவற்றின் உயரத்தையும் கூட்டி அதில் 3 மி.மீ கழியுங்கள். நீளம் அதிகமிருந்தால் அறுத்துக்கொள்ளலாம், குறைந்தால் ஒட்ட முடியாது.

மண்பாதை:
அண்ணன் சொன்னதோடு பிரேக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 26-க்குக் கிடைக்காததால் எங்கள் கூட்டத்தில் ஒருவர் 27.5 இன்ச் ஃபோர்க்கில் 26 வீலை மாட்டினார். வீல் தாராளமாக உள்ளே போனது, வி-பிரேக் கட்டைதான் ரிம்மைத் தொடவில்லை. 27.5 ரிம்மின் விட்டம் 584 மி.மீ, நம்முடையது 559. ஆகவே பிரேக் தாங்கி ஏறக்குறைய 12 மி.மீ மேலே உட்காரும், அவ்வளவு தூரம் கட்டையை இறக்க வழியில்லை. கடைசியில் முன்னால் மட்டும் டிஸ்க்குக்குப் போனார். மவுண்டன் வகை கேபிள் காலிபர் (டிஸ்க்கைப் பிடிக்கும் பகுதி) என்பதால் பழைய வி-பிரேக் லீவரே போதுமானதாக இருந்தது. ஆனால் ஹப் (வீலின் நடுப்பகுதி), ரோட்டர் (டிஸ்க் தட்டு), காலிபர் என்று கூட்டிப் பார்த்தால் மலிவான ஃபோர்க் மலிவாக இல்லை.

பள்ளம்மேடு:
முன் ஹப்பில் டிஸ்க் மாட்டும் துளைகள் இல்லை. அப்படியென்றால் வி-பிரேக் தாங்கி உள்ள 26 ஃபோர்க்தான். சரி, ஸ்பிரிங்கா ஏரா?

காற்றடி:
உங்கள் எடையைச் சொல்லவில்லையே! நான் ஐம்பது கிலோவுக்குக் கொஞ்சம் மேல். மலிவான ஸ்பிரிங் ஃபோர்க் ஒன்று போட்டிருந்தேன், கற்பாதையில் மரக்கட்டை மாதிரி நின்றது. மேலே இருக்கும் ப்ரீலோட் திருகை முழுக்கத் தளர்த்தினேன், பெரிய வித்தியாசம் இல்லை. அந்தத் திருகு ஸ்பிரிங்கின் தொடக்க அழுத்தத்தைத்தான் மாற்றும், விறைப்பை மாற்றாது. ஏர் ஃபோர்க்குக்கு மாறியதும் ஷாக் பம்பால் காற்றைக் கூட்டிக் குறைத்து, நான் ஏறி உட்கார்ந்தால் ட்ராவலில் கால்பங்கு இறங்குகிற அளவுக்கு வைத்தேன். அன்றைக்குத்தான் கை வலி நின்றது. பெயர் தெரிய வேண்டுமென்றால், சன்டூர் கம்பெனியில் எக்ஸ்.சி.டி, எக்ஸ்.சி.எம் ஸ்பிரிங் வகை, ரெய்டான் ஏர். எழுபது, எண்பது கிலோ உள்ளவருக்கு ஸ்பிரிங்கே போதும், பராமரிப்பும் குறைவு. சஸ்பென்ஷனைப் பூட்டிவைக்கும் லாக்-அவுட் லீவருக்காகக் கூடுதல் பணம் தராதீர்கள்.

ரிஜிட் ஆசாமி:
யாரும் சொல்லாததை நான் சொல்கிறேன்: சஸ்பென்ஷனே வேண்டாம். அடிமட்ட ஸ்பிரிங் ஃபோர்க் இரண்டரை கிலோ வரும், உருப்படியாக வேலையும் செய்யாது. அதே பணத்துக்கு நல்ல க்ரோமோலி (எஃகுக் கலவை) ரிஜிட் ஃபோர்க் கிடைக்கும். கொஞ்சம் அகல டயர், குறைந்த காற்று, தீர்ந்தது. சஸ்பென்ஷன் ஃப்ரேமுக்கென்றே உயரம் கூட்டிச் செய்ததாகப் பார்த்து வாங்குங்கள். ஆக்ஸிலிலிருந்து கிரௌன் (ஃபோர்க்கின் கால்கள் சேரும் மேல்பகுதி) வரையான உயரம் ரொம்பக் குறைந்தால் முன்பக்கம் தாழ்ந்து ஹேண்டில் பரபரக்கும்.

மண்பாதை:
உயரம் கூடினாலும் தொல்லைதான். 80 மி.மீ ட்ராவலுக்கான ஃப்ரேமில் 120, 130 என்று ஆசைப்பட வேண்டாம். 20 மி.மீ கூடினாலே ஹெட் டியூப் சாய்வு ஏறக்குறைய ஒரு டிகிரி மாறும், ஏற்றத்தில் முன்வீல் அலையும். 100 வரை சரி.

பள்ளம்மேடு:
எழுபத்தைந்து கிலோ. அளந்தேன், 28.6 தான், ஹெட் டியூப் 34. ஆக 100 மி.மீ ஸ்பிரிங் ஃபோர்க், வி-பிரேக் தாங்கியோடு. ஒரே சந்தேகம்: பழைய ஃபோர்க்கின் அடியில் இருக்கும் ஹெட்செட் வளையத்தை நெளியாமல் கழற்ற என்ன வழி?

ஸ்போக் சத்தம்:
கிரௌன் ரேஸா? மெல்லிய தட்டை உளியை வளையத்துக்கு அடியில் வைத்து, முன்னும் பின்னும் மாற்றி மாற்றி மெதுவாகத் தட்டுங்கள். ஒரே பக்கம் அடித்தால் கோணிக்கொள்ளும்.